ஒரே எருமையில் ஆறாயிரம் ஜோடி

ஆம்பூரில் மெர்சி என்ற பெயரில் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். 'யாரு சொன்னா மெர்சி' என்றால் மட்டும் ஒருத்திதான். அவள் பிறந்து வளர்ந்த ஏ கஸ்பா பகுதியில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். காட்டிவிட்டு, தாங்கள் காட்டியதாகச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வார்கள்.

அவளிடம் எந்தச் செய்தியையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராதாம் என்று ஒருவர் சொன்னால், "யாரு சொன்னா?" என்பாள். எதிர்வீட்டுக்காரர் என்றால் எதிர்வீட்டுக்குப் போவாள். அவருக்கு யார் சொன்னது என்று கேட்டு அங்கேயும் போவாள். இப்படியே போய்ப் போய், கடைசியில் ராத்திரி கனவு கண்ட யாரோ ஒருவரின் வாசலில் நிற்பாள். ஒருமுறை, பழைய தலைமையாசிரியை காலமாகிவிட்டார் என்று தெருவே பேசிக்கொண்டது. மாலை வாங்கக் காசு கூடச் சேர்த்துவிட்டார்கள். மெர்சி ஒவ்வொரு வாயாகப் பின்னால் நடந்து, அந்தத் தலைமையாசிரியையின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தாள். அவரே கதவைத் திறந்து காபி கொடுத்தார். முட்டிவலியில் உயிரே போகிறது என்று அவர் காய்கறிக்காரியிடம் புலம்பியிருந்தார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது லேசான காரியமா? அவள் அம்மா சம்பூர்ணம் பாவம், படாத பாடு பட்டார். முதலில் வந்தவருக்கு மாதம் எண்பதாயிரம் சம்பளம் என்றார்கள். யாரு சொன்னா என்று கிளம்பிய மெர்சி, தரகர், தரகரின் மச்சினி, பையனின் அத்தை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போய், அந்த எண்பதாயிரம் பையனின் ஆசையில்தான் பிறந்தது என்று கண்டுபிடித்தாள். அடுத்து வந்த இரண்டு பேரும் அவள் கிளம்புவதற்கு முன்பே அவர்களாகவே கழன்றுகொண்டார்கள்.

நாலாவதாக வந்தவன் இன்பராஜ். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான்.

"அஞ்சு வருஷம் கழிச்சி நீங்க எப்டி இருப்பீங்க?" என்று கேட்டாள் மெர்சி.

"தெரியாதுங்க."

"கோவம் ஜாஸ்தி வருமா?"

"தெரியாதுங்க. இன்னும் கல்யாணம் ஆவலியே."

மெர்சி அப்படியே உருகிவிட்டாள். உலகத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரே ஆண்பிள்ளை இவன்தான் என்று அம்மாவிடம் சொல்லி, அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டாள். சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊரே பேஜார் என்று சொன்ன இந்தக் குணம், மஹபூப் பாஷாவின் ஷூ கம்பெனிக்கு மட்டும் வரப்பிரசாதமாக அமைந்தது. மெர்சி அங்கே ஷூவின் உள்தட்டான இன்சோலை ஒட்டும் மேசையில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்கப் பசை வாசனை. வீட்டுக்கு வந்தாலும் சாதத்தில் பசை வாசனை. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் கம்ப்யூட்டர் படித்தாள். அந்தச் சமயத்தில்தான் ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. ஷூ நன்றாக இருந்தால் மட்டும் போதாதாம். அதன் தோல் எந்த ஊரில், யார் வீட்டு மாட்டின் முதுகில் இருந்தது என்றும் தெரிய வேண்டுமாம். "இதக் கேக்கறதுக்குன்னே பொறந்தவ நம்ம கிட்ட கீறாளே!" என்று பாஷா பாய் மெர்சியைப் பசை மேசையிலிருந்து எழுப்பி, கம்ப்ரசர் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு அறை கொடுத்து, கதவில் 'ட்ரேசபிலிட்டி' என்று போர்டு மாட்டினார். அந்த வார்த்தையை யாராலும் சொல்ல முடியவில்லை. 'யாரு சொன்னா ரூம்' என்றே அதற்குப் பெயராகிவிட்டது.

இனி அந்த சாஃப்ட்வேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பயப்பட வேண்டாம், கல்யாண வீடு பார்த்தவர்களுக்கு இது புரியும். முன்பெல்லாம் கம்பெனிக்கு ஒரே பெரிய சாஃப்ட்வேர்தான் இருந்தது. சென்னையிலிருந்து வந்த சூரியபிரகாஷ் அதை உடைத்து, சின்னச் சின்ன சர்வீஸ்களாக மாற்றினான். தோல் வாங்கும் கொள்முதலுக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, தோலைச் சோதிக்கும் லேபுக்கு ஒன்று. ஒன்றுக்குத் தெரியாததை இன்னொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். கல்யாண வீட்டில் பீரோ சாவி எங்கே என்று சித்தப்பா சித்தியைக் கேட்க, சித்தி மாமாவைக் கேட்பது போல. சாவி கிடைக்கிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போகும்.

"ஒவ்வொரு பதில் கூடவும் அது யாரு சொன்னதுன்னு சேத்து வைங்க சூர்யா" என்று மெர்சி ஆரம்பத்திலேயே சொன்னாள்.

"அதெல்லாம் போட்டா ஸ்லோ ஆயிடும் மேடம்" என்றான் அவன். சென்னைக்காரர்களுக்கு எப்போதும் அவசரம்.

புது சாஃப்ட்வேரைத் திறக்கும் நாள் வந்தது. இனிப்புக்கு ஆற்காட்டு மக்கன்பேடா வந்தது. அத்தர் தெளித்தார்கள், கம்ப்யூட்டருக்குக் குங்குமமும் வைத்தார்கள். முதல் பதிவைக் கைராசிக்காரர்தான் போட வேண்டும் என்று பாஷா பாய் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கம்பெனியில் கைராசி என்றால் கட்டிங் சூப்பர்வைசர் வேலாயுதம்தான். புது மெஷினில் முதல் தோலை வெட்டுவது அவர், புது லாரிக்கு எலுமிச்சம்பழம் வைப்பது அவர், பாஷா பாயின் பேரனுக்கு முதல் முடி வெட்டும்போது கத்தியைத் தொட்டுக் கொடுத்ததும் அவரே. வேலாயுதம் சட்டையைச் சரிசெய்துகொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஊர், சொந்தக்காரர், மிருகத்தின் அடையாளம் என்று கட்டங்கள் வந்தன. அவருக்குத் தெரிந்த ஒரே மிருகம் வீட்டில் நிற்கும் எருமைதான். அணைக்கட்டுப் பக்கத்தில் தன் ஊரைப் போட்டு, மனைவி அமிர்தவள்ளி பெயரைப் போட்டு, எருமையின் பெயரையும் போட்டார். பவுனு.

எல்லோரும் கைதட்டினார்கள். போணி ஆகிவிட்டது.

அப்போது பாஷா பாய் திரையை உற்றுப் பார்த்து, "இன்னாப்பா இது, கீழ கட்டமெல்லாம் காலியா கீது? காலியா உட்டா ராசியில்ல. எதனா போட்டு ரொப்பு" என்றார். சூரியபிரகாஷ் தலையாட்டினான். அவன் என்ன செய்து ரொப்பினான் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மெர்சிகூடக் கேட்கவில்லை, வாயில் மக்கன்பேடா இருந்தது.

ஆறேழு மாதம் கழித்து, வெளிநாட்டுப் பையர் கம்பெனியின் ஹெல்கா அம்மையாரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. படு மரியாதையான மெயில். சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் ஆறாயிரம் ஜோடி ஷூக்களும் ஒரே எருமையின் தோலிலிருந்து செய்யப்பட்டதாகத் தங்கள் கணினி காட்டுகிறது என்றும், அந்த எருமையின் பெயர் பவுனு என்றும், அதன் அளவைப் பற்றித் தாங்கள் மிகுந்த ஆர்வத்தோடு இருப்பதாகவும் ஹெல்கா எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை வீடியோவில் விளக்கம் வேண்டும். அதோடு அந்த எருமையையும் காட்ட வேண்டும்.

பாஷா பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு மெர்சி மேல் பிரியம்தான், ஆனால் கன்டெய்னர் மேல் அதைவிடப் பிரியம்.

"மெர்சிம்மா, வெள்ளிக்கெழம இது சரியாவலன்னா, மெட்ராஸ் கம்பெனி ஒண்ணு இந்த வேலைய எடுத்துக்கறேன்னு சொல்லுது. அவங்க கிட்ட குட்த்துருவேன். ஒன்ன நிறுத்த மாட்டேன். இன்சோல் மேச காலியாத்தான் கீது."

இன்சோல் மேசை! அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் மெர்சியின் மூக்கில் பசை வாசனை ஏறியது. அழுகையும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று முழுவதும் சர்வீஸ்களை விசாரித்தாள். ஸ்டாக் சர்வீஸைக் கேட்டால், லேப் சொன்னது என்றது. லேபைக் கேட்டால், கொள்முதல் சொன்னது என்றது. கொள்முதலோ, ஸ்டாக்தான் சொன்னது என்றது. மூன்றும் சத்தியம் செய்யாத குறையாகப் பவுனு, பவுனு என்றே சொல்லிக்கொண்டிருந்தன. மெர்சி வாழ்நாளில் முதல்முறையாக, எங்கே கிளம்பினாளோ அங்கேயே வந்து நின்றாள். கனவு கண்டவர் வீட்டு வாசல்கூட இதில் இல்லை. அந்த நேரத்தில் யாரோ கதவைத் திறந்து என்னவோ கேட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் வேலாயுதம் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை எருமையைக் காட்டியாக வேண்டுமே! அன்று காலையிலேயே கணவன் இன்பராஜ் கடையைச் சாத்திவிட்டு, மெர்சியை பைக்கில் ஏற்றிக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் கிளம்பினான்.

"எருமைய பாத்தா எல்லாம் சரியாயிடுமா மெர்சி?" என்று வழியில் கேட்டது இன்பராஜ்தான். அவள் கேள்வி கேட்காமல் வருவதைப் பார்த்து அவன் பயந்துபோய் வண்டியை மெதுவாக ஓட்டினான்.

வேலாயுதம் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. மாட்டுக் கொட்டகையின் கதவு உள்ளே தாழ்போட்டிருந்தது. வேலாயுதம் வெளியே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அமிர்தவள்ளி எருமையோடு உள்ளே இருந்தார்.

"கம்பெனிக்காரங்க எவனாச்சும் கிட்ட வந்தீங்க, அரிவாமனையால போட்ருவேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆறாயிரம் சோடி செருப்பு தெக்கப் போறாங்களாம் எம் பவுனு தோல்ல! ஏன், ஒங்க வூட்டுல தோலே இல்லியா?"

"அக்கா, நான் மெர்சி. எருமைய யாரும் எடுத்துட்டுப் போவ வர்லக்கா."

"எடுத்துட்டுப் போவத்தான் வர்றீங்கன்னு எனக்குத் தெரியும்!"

மெர்சியின் முகத்தில் மூன்று நாளாக இல்லாத களை வந்தது. இது அவளுக்குத் தெரிந்த இடம். "யாருக்கா சொன்னா?" என்றாள்.

"பால் ஊத்தற தனகோடி சொன்னாரு."

தனகோடி கூட்டத்திலேயே பால் கேனோடு நின்றுகொண்டிருந்தார். "எனக்கு வேலாயுதந்தான் சொன்னாரு" என்றார்.

வேலாயுதம் திருதிருவென்று விழித்தார். "எனுக்கு இன்னா தெரியும்? எனுக்கு இவ சொன்னா" என்று கொட்டகைக் கதவைக் காட்டினார்.

"நான் தனகோடி சொன்னதத்தான் சொன்னேன்!" என்றது கதவு.

கூட்டம் சிரித்தது. மெர்சி சிரிக்கவில்லை. ஸ்டாக், லேப், கொள்முதல். மூன்றும் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தன. ஒன்றின் கையில் பால் கேன்கூட இருந்தது.

"இருங்க, இருங்க" என்றாள். "சொன்னத உடுங்க. இந்தப் பேச்சு வர்றதுக்கு முன்னாடி, மொதல்ல கேட்டது யாரு? யாரு யாரைப் போய் இன்னா கேட்டீங்க?"

வேலாயுதம் கையைத் தூக்கினார். "நாந்தாம்மா. பவுனு பேரு மெயில்ல வந்துருக்குன்னு கேள்விப்பட்டன்னிக்கு, ஒன் ரூமுக்கு வந்து, எருமைக்கு ஒண்ணும் ஆவாதே மெர்சின்னு கேட்டேன். நீ திரும்பியே பாக்கல. பதிலே வர்லியா, அப்ப இன்னாவோ கீதுன்னு நானே நெனச்சிக்கினு தனகோடியாண்ட சொன்னேன்."

"அவரு அப்டி பயந்து சொன்னாரா, அதான் நான் அக்காவாண்ட எருமைய கேக்கறாங்கன்னு சொன்னேன்" என்றார் தனகோடி.

பதில் வரவில்லை. அதனால் கேட்டவனே ஏதோ ஒன்றைப் போட்டு ரொப்பிக்கொண்டான். அப்புறம் அதை ஒருவர் மாற்றி ஒருவர் சாட்சி சொல்லி உண்மையாக்கிவிட்டார்கள். மெர்சிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள், தன்னைக் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அடுத்த நிமிஷம் சூரியபிரகாஷுக்குப் போன் போட்டாள்.

"சூர்யா, கொள்முதல் கேட்டு எதிர்ல இருந்து பதில் வர்லன்னா, அது இன்னா பண்ணும்?"

"வராம எப்டி மேடம் போகும்?"

"வர்லன்னா?"

"கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு பாய் சொன்னாரில்ல... ஸ்டாக்குல இருக்கற முதல் பதிவை எடுத்துப் போட்டுக்கும்."

"யாரு கிட்ட கேக்கும்?"

"தோல் மண்டி சிஸ்டத்துகிட்ட. வாணியம்பாடி குர்ஷித் பாய் மண்டி."

குர்ஷித் பாய்க்குப் போன் போனது. அவர் நல்ல மனிதர், சிக்கனமான மனிதர். தொழுகைக்குப் போனாலும் சாப்பிடப் போனாலும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் போவாராம். "கரண்ட் பில் ஜாஸ்தியாவுதும்மா. அது சும்மா நின்னுக்கினு இன்னா பண்ணப் போவுது?" என்றார். அவர் பிரியாணி சாப்பிட்ட ஒவ்வொரு மதியமும், அணைந்து கிடந்த அந்தக் கம்ப்யூட்டரை, அன்றைய தோல் அத்தனைக்கும் சேர்த்துக் கேட்கும் கொள்முதல் சர்வீஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, பவுனுவின் பெயரை எழுதிக்கொண்டு போயிருக்கிறது. மெர்சி அவரைக் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னாள். சூரியபிரகாஷை எல்லாத் தோலுக்கும் திரும்பக் கேட்கச் சொன்னாள். இந்த முறை யார் சொன்னது என்பதையும் சேர்த்து வைக்கச் சொன்னாள்.

"ஸ்லோ ஆகும் மேடம்..."

"ஆவட்டும்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "அப்ப எருமைய யாரும் கேக்கலியா?" என்று அமிர்தவள்ளி கேட்டார்.

"இல்லக்கா. ஒரு வெளிநாட்டம்மா பாக்கணும்னு ஆசப்படறாங்க. அவ்ளோதான்."

தாழ்ப்பாள் திறந்தது. பார்க்க வருகிறார்கள் என்றதும் அமிர்தவள்ளி எருமையின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தார், கொம்பில் ஒரு ரிப்பனும் கட்டினார்.

அன்று சாயங்காலம் ஹெல்கா வீடியோவில் வந்தபோது, பாஷா பாயும் ஆம்பூரிலிருந்து அதே அழைப்பில் ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருந்தார். மெர்சி நடந்ததை ஆங்கிலத்தில் ஒன்றுவிடாமல் சொன்னாள். திரும்பக் கேட்டதில் பெரும்பாலான தோல்களுக்குச் சரியான ஊர் வந்துவிட்டது என்றாள். ஹெல்கா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"நல்லது. ஆனால் இந்த எருமைதான் பவுனு என்று உங்களுக்கு யார் சொன்னது?"

மெர்சியின் கேள்வி மெர்சியிடமே திரும்பி வந்திருந்தது. சொந்த மருந்தை யாராவது இப்படிக் குடித்திருக்கிறார்களா? வேலாயுதம் தைரியமாக முன்னால் வந்து, "பவுனு!" என்று கூப்பிட்டார். எருமை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அசைபோட்டது. அவர் இரண்டாம் முறை கூப்பிட்டதும் வாலைத் தூக்கிச் சாணி போட்டது. ஆம்பூர்க் கட்டத்தில் பாஷா பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"தள்ளு நீ" என்று கணவனை விலக்கிவிட்டு அமிர்தவள்ளி, "அடியே பவுனூ..." என்று ஒரு இழு இழுத்தார். எருமை விடுவிடுவென்று வந்து, குறுக்கே நின்ற மெர்சியின் கையிலிருந்த போனை ஒரே நக்காக நக்கியது. ஹெல்காவின் திரை முழுவதும் கொஞ்ச நேரத்துக்கு நாக்கு மட்டும்தான் தெரிந்தது.

துடைத்துவிட்டுப் பார்த்தால், அந்தம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, "பெரும்பாலானவை என்றீர்கள். மீதித் தோல்கள் எங்கிருந்து வந்தன?" என்றார்.

பாஷா பாய் தன் கட்டத்திலிருந்து கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினார். ஆலங்காயம் என்று சொல், ராணிப்பேட்டை என்று சொல், எதையாவது போட்டு ரொப்பு. மெர்சி அதைப் பார்த்தாள். பசை மேசையையும் நினைத்துப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள். "மண்டிக்காரர் சந்தையில் வாங்கியவை. அதற்கு முன்னால் யாரிடம் இருந்தன என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்றே கட்டத்தில் எழுதியிருக்கிறோம்."

ஹெல்கா பேனாவைக் கீழே வைத்தார். "எங்களுக்கு ஷூ கொடுக்கிற எந்தக் கம்பெனிக்கும் இதுவரை எதுவும் தெரியாமல் இருந்ததே இல்லை. எனக்கு அது எப்போதும் சந்தேகமாகவே இருந்தது" என்றார். அந்தத் தோலில் செய்த ஜோடிகளை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை அனுப்பச் சொன்னார். இனி எல்லாக் கேள்விக்கும் மெர்சிதான் பதில் சொல்ல வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்றும் சொன்னார். பாஷா பாய் இரண்டு கையையும் தூக்கி அல்லாவுக்கு நன்றி சொன்னார். முதல் பதிவை அழிக்கட்டுமா என்று சூரியபிரகாஷ் கேட்டபோது மட்டும், "போணியப் போய் அழிப்பியா?" என்று சீறினார். பவுனு இன்றைக்கும் முதல் பதிவில்தான் இருக்கிறாள். பக்கத்தில் 'உயிரோடு இருக்கிறது. சொன்னவர்: அமிர்தவள்ளி' என்று போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மெர்சிக்குப் பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து இன்பராஜின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் உங்களாலதாங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நீங்க தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அது நெனப்புக்கு வந்துச்சி. அதான் எனுக்கு தைரியம். வேற எவன் சொல்லுவான் அப்டி?"

கொஞ்ச தூரம் போனதும் வண்டி தானாக மெதுவானது.

"மெர்சி... அது வந்து..."

"இன்னா?"

"எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க தம்பி, ஒடனே ஒத்துக்குவான்னு... எனுக்குச் சொல்லிக் குட்த்தாங்க."

மெர்சியின் கை தோளிலிருந்து இறங்கியது. "யாரு சொன்னா?"

"உங்கம்மா."

மெர்சி வாயைத் திறந்தாள். அம்மாவுக்கு இந்த யோசனையை யார் சொன்னது என்று கேட்க வேண்டும். அத்தையாக இருக்கலாம், பாஸ்டர் வீட்டம்மாவாக இருக்கலாம், நேரே ஏ கஸ்பாவுக்குப் போய் அம்மாவை எழுப்பிக் கேட்டுவிட்டால் அரை நாளில் முடிந்துவிடும். முன்னால் இன்பராஜின் காது இரண்டும் பயத்தில் சிவந்திருந்தன. அவள் கையைத் திரும்பவும் அவன் தோளில் வைத்தாள்.

"வண்டிய உங்கம்மா வூட்டுக்கு உடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான் அவன்.

"வேணாம்" என்றாள் மெர்சி. "நம்ம வூட்டுக்கே போங்க."